தண்ணீர் குறைவான இடத்தில் கோதுமைக்கு எது நல்லது: சொட்டு நீரா, தெளிப்பு நீரா, பாத்தியில் பாய்ச்சுவதா?

நான் சேலம் மாவட்டம், வாழப்பாடிப் பக்கம். இங்கே பாக்கும் குச்சிக்கிழங்கும்தான் பயிர். கோதுமை போடப் போகிறேன் என்றதும் பங்காளிகள் சிரித்தார்கள். ஓர் ஆசைக்கு 25 சென்ட்டில் இரண்டு வருடம் போட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

குழாய் வாங்குவதற்கு முன்னால் நாட்களை எண்ணுங்கள். விதைத்த 20 முதல் 25 நாளுக்குள் மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் கணுவிலிருந்து புது வேர் இறங்கும். தூர் வெடிப்பதும், அதாவது பக்கத் தண்டுகள் கிளைப்பதும், அங்கிருந்துதான். அப்போது மேல்மண் காய்ந்திருந்தால் போச்சு. முதல் வருடம் அந்த வாரம் பார்த்து மோட்டாரைப் பாக்குக்குத் திருப்பிவிட்டேன், பத்து நாள் தள்ளிப்போனது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், கணுவில் வேர் கால் அங்குலம் நீண்டு, நுனி கருகி அப்படியே நின்றிருந்தது. செடிக்கு இரண்டு தூருக்கு மேல் இல்லை. அப்புறம் மூன்று தண்ணீர் விட்டும் தேறவில்லை. மறு வருடம் சரியாக 21ஆம் நாள் விட்டேன், நான்கைந்து தூர் வந்தது.

ஆகவே ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அது அந்த நாளுக்கு. இரண்டாவது இருந்தால் கதிர் வந்து பூக்கும்போது. மூன்றாவது பால் பிடிக்கும்போது.

சரி, எப்படி விடுவது? எங்கள் போர்வெல் மணிக்கு 3,000 லிட்டர் தரும். 25 சென்ட்டுக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட 50,000 லிட்டர் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 17 மணி நேரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் முடிகிற கதை இல்லை. அதுவும் செம்மண்ணில் மடையை ஒட்டிய பாதி குடித்துக்கொண்டே இருக்கும், கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. தெளிப்பானில் 3 சென்டிமீட்டர் விட்டாலே வேர் இருக்கும் ஆழம் நனைந்துவிடுகிறது. பத்து மணி நேரத்தில் முடித்தேன். காற்று அடங்கிய பின் சாயங்காலமோ விடியற்காலையோ ஓட்டுங்கள். பால் பிடித்த பிறகு காற்று நாளில் ஓட்டினால் கதிர் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும்.

சொட்டு நீர் மோசமில்லை. ஆனால் கோதுமை நெருக்கமான பயிர், வரிசைக்கு வரிசை முக்கால் அடிதான். மஞ்சளுக்குப் போட்ட நாலடி இடைவெளிக் குழாய் இதற்கு உதவாது, நடு வரிசைகள் வெளுத்துவிடும். இரண்டடிக்கு ஒரு குழாய் என்றால் ஏக்கருக்கு 6,600 மீட்டருக்கு மேல் ஆகும். கோதுமைக்காக மட்டும் அந்தச் செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. தெளிப்பானுக்கும் மானியம் உண்டு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம்.

களிமண்ணாக இருந்து நிலமும் மட்டமாக இருந்தால் தெளிப்பான்கூட வேண்டாம், ஒடுக்கமான நீளப் பாத்தி போதும்.

எங்களைப் போலச் சமவெளியில் போடுகிறவர்கள் ஐப்பசிக் கடைசிக்குள் விதைத்துவிடுங்கள். மாசி வெயிலில் மணி சுருங்கினால் எந்தப் பாசனமும் காப்பாற்றாது. விதை ரகத்தை நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன நிலையத்தில் விசாரித்துக்கொண்டு வாங்குங்கள்.