நிலத்தடியில் எமல்ஷன் தகடு வைத்து மியூவான் பிடிக்கும்போது, வழியில் பதிந்த தடங்களை எப்படிப் பிரிப்பது?

எமல்ஷனுக்குக் கடிகாரம் கிடையாது. பூசிய நாள் முதல் டெவலப் செய்யும் நாள் வரை ஊடுருவிய துகள்கள் எல்லாம் பதிந்துகொண்டே இருக்கும்.

கணக்குப் பாருங்கள். தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்தில் ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்தில், 1400 மீட்டர் பாறைக்கு அடியில், சதுர மீட்டருக்கு மணிக்கு ஒன்றுதான். 10 × 12.5 செ.மீ. தகட்டை அங்கே ஓராண்டு வைத்தால் சுமார் 110 தேறும். அதே தகடு வெளியே ஒரு நிமிடம் இருந்தாலே 125! சுரங்க வாசல் வரை கொண்டுபோகும் பயணமே உங்கள் தரவை மூழ்கடித்துவிடும்.

அடுக்கு வரிசையை மாற்றுவதுதான் நம்பகமான வழி. ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சம் புகாத அலுமினியப் பையில் தனித்தனியாக வெற்றிடத்தில் ஒட்டுங்கள். கீழே போனதும் வரிசையைக் கலைத்துப் புது வரிசையில் அடுக்கி, தட்டையான உலோகத் தகடுகளுக்கு நடுவே இறுக்குங்கள். மேலே கொண்டுவரும் முன் மறுபடி கலைக்க வேண்டும். ஸ்கேன் செய்தபின், புது வரிசையில் நேர்கோடாகச் சேரும் தடங்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டு தகடு போதாது, தற்செயல் பொருத்தங்கள் ஏமாற்றும், நான்காவது வேண்டும். எந்த எண் மேலே, எந்த முகம் எந்தப் பக்கம் என்று அப்போதே எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு தொலைந்தால் எல்லாம் வீண்.

ஓப்பெரா பரிசோதனைக்கான தகடுகளில் பழைய தடங்களை அழித்தே அனுப்பினார்கள்: 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பம், 98 சதவீத ஈரப்பதம், மூன்று நாள். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து மறைபிம்பத்தின் வெள்ளித் துணுக்குகளைக் கரைத்துவிடும். ஈரமான சுரங்கத்தில் பை கசிந்தால் உங்களுக்கு வேண்டிய தடத்துக்கும் இதே கதிதான். ஆகவே உலர்த்திய பிறகே பையை ஒட்டுங்கள்.

44 மைக்ரான் படலத்தில் மியூவான் விடுவது பதினைந்துக்கும் குறைவான வெள்ளிப் புள்ளிகள், நேராக. பாறையின் பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் காமாக் கதிர்கள் கிளப்பும் எலக்ட்ரான்களோ வளைந்து நெளிந்து ஓடும். குட்டையாக, தடித்துத் தெரிந்தால் அது ஆல்ஃபா.

கோணத்தை எமல்ஷனுக்குள்ளேயே அளக்காதீர்கள். ஃபிக்ஸர் வெள்ளி புரோமைடைக் கரைத்ததும் படலம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். இருபக்கப் படலங்களுக்கு நடுவிலுள்ள 200 மைக்ரான் பிளாஸ்டிக் சுருங்காது. அதன் இரு பரப்பையும் தடம் தொடும் புள்ளிகளை இணைத்தால் கிடைப்பதே சரியான கோணம். உலர்த்துவதில் அவசரம் வேண்டாம், சூடான காற்று பட்டால் ஜெலட்டின் இழுபட்டு நேர்த்தடமும் வளைந்துவிடும்.