கையில் இருந்த டிரா போனது எப்படி?

(கோபியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த எங்கள் செஸ் கிளப் ஆட்டத்தில், வெள்ளையில் ஆடிய ஆசிரியர் கறுப்பில் ஆடிய விசைத்தறித் தம்பியை வென்றார். அதைப் பார்த்தவர்கள் கேட்டவை இவை.)

ஏனுங்கண்ணா, ஒரே ஒரு சிப்பாய்தானே கூடுதல். தம்பி எங்கே தப்பு செய்தார்?

கடைசி நிலையை வைத்துப் பாருங்கள் (எழுத்து செங்குத்து வரிசை, எண் கிடை வரிசை). வெள்ளை ராஜா எஃப்5, யானை பி7, சிப்பாய் இ5. கறுப்பு ராஜா இ8, யானை ஏ6. அதுவரை தம்பி அருமையாக ஆடினார். ஆறாவது வரிசையில் நின்ற யானை, வெள்ளை ராஜாவை முன்னே வரவிடவில்லை. பிரெஞ்சு செஸ் மேதை பிலிடோர் காட்டிய தற்காப்பு இது. 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

ஆசிரியர் சிப்பாயை இ6-க்குத் தள்ளினார். யானை கிளம்ப வேண்டிய நேரம் அதுதான். ஏ1-க்குப் போயிருக்க வேண்டும். வெள்ளை ராஜா எஃப்6 வந்தால் எஃப்1-இல் செக், இ5 போனால் இ1-இல் செக். முன்னால் போன சிப்பாய் இனி ராஜாவுக்கு மறைவு தராது, ஆட்டம் டிரா. தம்பியோ யானையை ஆறாவது வரிசையிலேயே நகர்த்திக் காத்திருந்தார். ராஜா எஃப்6-க்கு வந்ததும் பி8-இல் மேட் மிரட்டல். சிப்பாயே குறுக்கே நிற்பதால் பக்கவாட்டில் செக் கொடுக்கவும் வழியில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

யானையை எட்டாவது வரிசையிலேயே வைத்துக் காத்தால் ஆகாதா?

ராஜா சிப்பாய்க்கு முன்னால் இருந்து, அது ஓரத்துச் சிப்பாயாகவோ குதிரை வரிசைச் (பி, ஜி) சிப்பாயாகவோ இருந்தால் தாங்கும். நடுச் சிப்பாய் என்றால் தாங்காது.

கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி வைப்பது) செய்ய ஒருவர் முதலில் யானையைத் தொட்டார், எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை. சரிதானா?

சரிதான். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்வில் கேஸ்லிங் இல்லை. யானையைத்தான் நகர்த்த வேண்டும். முதலில் ராஜா, அதுவும் ஒரே கையால்.

டிரா கேட்பது எப்போது?

நகர்த்திய பிறகு, கடிகாரத்தை அழுத்தும் முன்.

தம்பி ரொம்ப நொந்துபோயிருக்கிறார். என்ன சொல்வது, அண்ணா?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான 14-வது ஆட்டத்தைச் சொல்லுங்கள். டிரா ஆக வேண்டிய நிலையில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்வில் யானையை எஃப்2-க்கு வைத்தார். யானைகளும் மந்திரிகளும் (பிஷப்) வெட்டுப்பட்டு, மிஞ்சிய சிப்பாய் முடிவாட்டத்தில் 18 வயது குகேஷ் ஜெயித்தார். அப்புறம் இந்த வாரம் தம்பியைக் கூட்டி வாருங்கள். இதே நிலையை வைத்து, கறுப்பை அவருக்கே கொடுத்து இருபது தடவை ஆடுவோம்.