அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் கொலையாவதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறார்களே, அது போலீஸ் வேலை இல்லையா?

நீங்கள் இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், டிவியில் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி பார்த்துச் சலித்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சிகாகோவில் அவசர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ்.

15 முதல் 34 வயது வரையுள்ள கறுப்பின ஆண்கள் சாவதற்கு முதல் காரணம் கொலை. புற்றுநோயும் கார் விபத்தும் அதற்குப் பின்னால்தான். ஒரு காய்ச்சல் இந்த வயசுப் பிள்ளைகளை இப்படிக் கொண்டுபோனால் சுகாதாரத் துறை சும்மா இருக்குமா?

தொடையில் குண்டடிபட்டு ஒரு பையன் வந்தான். கட்டுப் போடும்போதே போனைக் கேட்டான். வெளியே அவன் கூட்டாளிகள், சுட்டது யார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வேறொரு வீட்டுப் பிள்ளை வரப்போகிறான் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது எங்கள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து வேலை பார்த்த ஒருவர் வந்தார். அதே பேட்டையில் வளர்ந்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். பையன்களை வெளியே கூட்டிப்போய் விடியவிடியப் பேசினார். அன்றைக்கு அவர்கள் யாரையும் தேடிப் போகவில்லை.

இப்படி அதே பேட்டை ஆளை வைத்துப் பேசித் தடுப்பது, காசநோய், காலராவோடு மல்லுக்கட்டிய கேரி ஸ்லட்கின் என்ற டாக்டர் 2000இல் இதே ஊரில் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் ஆரம்பித்த வழி. ஒரு துப்பாக்கிச் சூடு பழிவாங்கும் அடுத்த சூட்டைக் கொண்டுவரும்; அந்தத் தொற்றை நடுவில் அறுக்க வேண்டும். போலீஸ் வருவது பெரும்பாலும் சுட்ட பிறகு.

சுட்டவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாராவது கிளம்புவார்கள். கொலை செய்தவன் ஜெயிலுக்குப் போகட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் "அவங்க புத்தியே அப்படி" என்று நம் ஆட்களே சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தப் பையன்கள் வளரும் தெருக்கள், கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று 1930களில் வரைபடத்தில் சிவப்பு அடித்து வீட்டுக்கடன் மறுத்தவை. ஆலைகள் போய்விட்டன. 2013இல் சிகாகோவில் சுமார் 50 பள்ளிகளை மூடினார்கள், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்தவை. துப்பாக்கி மட்டும் சுலபமாகக் கிடைக்கிறது.

ஆராய்ச்சிக்கும் வழியில்லாமல் பண்ணினார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று 1996இல் நாடாளுமன்றம் போட்ட நிபந்தனைக்குப் பயந்து, நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. துப்பாக்கிச் சாவு ஆராய்ச்சியை ஏறக்குறைய நிறுத்தியே விட்டது. அதற்கென்று தனியாகப் பணம் மறுபடி ஒதுக்கியது 2019 கடைசியில், அதுவும் 2.5 கோடி டாலர்.

அன்றைக்குப் பையன்களிடம் பேசிய அந்த மனிதரின் சம்பளம் மானியத்தில் வந்தது. மானியம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க இதைப் பார்க்கும் நர்ஸ்களுக்கு ஒரு மனநல ஆலோசகர் கேட்டோம், அதற்கும் பணமில்லையாம். முன்வாசலை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இருந்தது.