ஹைலண்டின் வரிசையில் பிழை இல்லை

வணக்கம் நண்பரே. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுண்டி கிரிக்கெட் அணி ஆட்டக்காரர்களை எக்செல்லில் ஏற்றும்போது ஃபிரெட் ஹைலண்டுக்கு நேரே 'ஆட்டம் 1' என்றும், மற்ற கட்டமெல்லாம் வெறுமையாகவும் இருக்கிறதே, தரவு விடுபட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் விடுபடவில்லை. அவர் ஆடியதே அவ்வளவுதான்.

1924-இல் நார்த்தாம்ப்டனில், நார்த்தாம்ப்டன்ஷயருக்கு எதிரான ஆட்டம். நார்த்தாம்ப்டன்ஷயர்தான் முதலில் பேட்டிங். இரண்டு ஓவர் முடிந்தபோது விக்கெட் இழப்பின்றி 1 ரன். மழையால் ஆட்டம் அதற்கு மேல் நகரவே இல்லை. ஹைலண்டுக்கு பேட்டிங்கும் இல்லை, பந்துவீச்சும் இல்லை. அதன்பின் முதல்தர ஆட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. பொழுதுபோக்குக்கு வந்தவரல்ல, சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை வீரர். அதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

பந்து வீசப்பட்டுவிட்டதால் ஆட்டம் கணக்கில் சேரும். அந்த 1 சரிதான். இன்னிங்ஸ் கட்டத்தில் 0 போடுங்கள். ரன் கட்டத்தில் மட்டும் தயவுசெய்து 0 போடாதீர்கள், களமிறங்கி டக் அவுட் ஆனவர் போலாகிவிடும். சராசரி ஃபார்முலா வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும், 0-வைச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் மொத்தக் கணக்கும் கோணலாகும்.

வரிசையையே நீக்கிவிடலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். பிற்காலத்தில் செஷயரில் செடி நாற்றுப்பண்ணை வைத்துப் பேர் வாங்கிய மனிதர் அவர். 1964-இல் 70 வயதில் இறந்தபோது, அந்த இரண்டு ஓவரைச் சொல்லி, கிரிக்கெட்டின் புகழ்பெற்ற ஆண்டு மலரான விஸ்டனே இரங்கல் குறிப்பு எழுதியது.