சீரமைத்த மார்பில் சிவப்பு: இன்றே காட்ட வேண்டியது எது?

கேள்வி: 54 வயதான என் அம்மா சர்க்கரை நோயாளி. புற்றுநோய்க்காக மார்பை அகற்றி, அப்போதே சிலிக்கோன் இம்பிளாண்ட் (மார்பின் வடிவத்துக்காக உள்ளே வைக்கும் செயற்கைப் பொருள்) வைத்துத் திருவனந்தபுரத்தில் சீரமைத்தார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மரத்துப்போதல், கன்றிய நிறம், டிரெயினில் (காயத்து நீரை வெளியேற்ற வைத்த குழாயில்) இளஞ்சிவப்பு நீர் எல்லாம் இருக்கின்றன. நேற்று முதல் தையலருகே சிவந்திருக்கிறது. மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தேன். பலர் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர நேர்வதாக இணையத்தில் படித்தேன். நோய் திரும்பிவிட்டதா? — வாசகி, குழித்துறை

பதில்: தையலருகே இவ்வளவு சீக்கிரத்தில் தோன்றும் சிவப்பு, புற்றுநோய் திரும்பியதன் அடையாளம் அன்று. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் மறுபடி சேர்க்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் கிருமித்தொற்று, ரத்தக்கசிவு, காயம் ஆறாமை ஆகியவற்றுக்காகவே சேர்க்கப்படுகிறார்கள்; அதைப் புற்றுநோயோடு முடிச்சுப் போட்டு உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்துப்போவதும் கன்றிய நிறமும் எதிர்பார்த்தவையே. டிரெயின் நீர் நாளுக்கு நாள் வெளிறிக் குறைந்துவந்தால் போதும். அது திடீரென்று ரத்தமாக வந்தாலோ மார்பு வீங்கினாலோ உடனே கிளம்ப வேண்டும்.

ஆனால் அந்தச் சிவப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதன் விளிம்பைப் பேனாவால் கோடிட்டுக் குறித்துவிட்டு, அந்த இடம் சுடுகிறதா என்று கழுவிய புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர் வையுங்கள், ஏனென்றால் அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தாலோ, சூடு, வலி, சீழ், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலோ, இரவென்றும் ஞாயிறென்றும் பாராமல் புறப்படுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், இம்பிளாண்ட் உள்ளே இருப்பதால், இன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். இம்பிளாண்டின் மேற்பரப்பில் கிருமி படிந்துவிட்டால் மருந்து அங்கே சரியாக எட்டாது; முதலிலேயே வந்தால் ஊசி மருந்தோடு பல நேரம் முடிந்துவிடும், தாமதித்தால் அதை எடுத்தே ஆக வேண்டிவரும். திருவனந்தபுரம் போக வழியில்லை என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மிச்ச மாத்திரையை இனிக் கொடுக்காதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் கொடுக்கும் அரைகுறை ஆன்டிபயாட்டிக், சீழைப் பரிசோதிக்கும்போது கிருமி தெரியாமல் போகச் செய்து எங்கள் கையைக் கட்டிவிடுகிறது. கொடுத்ததன் பெயரை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காயம் ஆறட்டும் என்று வர்ம எண்ணெய், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் தையல்மேல் தடவ வேண்டாம். நம் மாவட்டத்தில் இந்தப் பழக்கத்தால் கெட்ட காயங்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

உடல் பருமன், புகைப்பழக்கம், சர்க்கரை, முன்பே பெற்ற கதிர்வீச்சு, இரு பக்கமும் சேர்த்துச் செய்யும் நீண்ட அறுவை சிகிச்சை ஆகியவை மறுசேர்க்கைக்கான வாய்ப்பைக் கூட்டும். இவற்றில் இப்போது உங்கள் கையில் இருப்பது சர்க்கரை. வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் பார்த்து எழுதிவைத்து, இன்று மருத்துவரிடம் பேசும்போது அந்த அளவுகளையும் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பீடி பிடிப்பவராக இருந்தால், அம்மா இருக்கும் வீட்டுக்குள் அந்தப் புகை வரவே கூடாது.