கைடு சொன்னால் அது விதியா?

அன்புள்ள சார்,

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியலில் பிஎச்டி செய்கிறேன். 2021 கடைசியில் பதிவு செய்தேன், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகையில், இது ஐந்தாவது வருடம். லேப் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் மூன்று கட்டுரை வந்தால்தான், ஆய்வேட்டுக்கு முன் தர வேண்டிய சுருக்கமான சினாப்சிஸில் கையெழுத்து என்கிறார் கைடு, என் ஆய்வு நெறியாளர். ஒன்றுதான் வந்திருக்கிறது. இரண்டாவதன் வரைவு மாதக்கணக்கில் அவர் மேசையில் கிடக்கிறது. இதற்கு நடுவில், கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்கான கோப்பு வேலை வேறு. வீட்டில் எப்போது முடிப்பாய் என்று கேட்பதையே நிறுத்திவிட்டார்கள், அதுதான் தாங்கவில்லை. விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

முதல் வருடத்தில் கேட்டிருந்தால் தாராளமாக விடுங்கள் என்றிருப்பேன். இப்போது வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஆராய்ச்சி கசக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துக்குக் காத்திருப்பது, நாக் கோப்புக்காக ஐந்து வருடத்துக் கருத்தரங்குப் படங்களை ஜியோடேக் (எடுத்த இடத்தின் குறிப்பு) போட்டு அடுக்குவது, இதெல்லாம்தான் கசக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ‘எனக்குத் திறமை இல்லையோ’ என்று யோசிக்க ஆரம்பிப்பதுதான் பிஎச்டியில் பலரும் விழுகிற குழி.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2021 பதிவு என்றால் உங்களுக்குப் பொருந்துவது யூஜிசியின் 2016 விதிமுறை. அது கேட்பது ஒரு கட்டுரை, இரண்டு கருத்தரங்கில் வாசிப்பு, அவ்வளவுதான். (2022 நவம்பரில் வந்த புது விதிமுறை அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டது.) பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கூடுதலாகக் கேட்கலாம், பல இடங்களில் கேட்கவும் செய்கிறார்கள். அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்டி விதிப் புத்தகத்தில், நீங்கள் பதிவு செய்த வருடத்துக்கு உரியதை எடுத்து நீங்களே படியுங்கள், சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள். அந்த மூன்று என்ற எண் அதில் இல்லையென்றால் அது கைடின் ஆசை. ஆசை தப்பில்லை, ஆனால் அதற்காக உங்கள் சினாப்சிஸ் நிற்கக் கூடாது.

அப்புறம் பணம். ஜேஆர்எஃப் இரண்டு வருடம், அதன் அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப் மூன்று வருடம், ஐந்தோடு ஃபெல்லோஷிப் முடிந்துவிடும். பதிவோ ஆறு வருடம் வரை ஓடும். மாதம் 42,000 நின்றுபோன அந்த ஆறாவது வருடத்தில்தான் பலர் ஏதாவது தனியார் கல்லூரியில் சேர்ந்துகொண்டு, ஆய்வேட்டை ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதுகிற வேலையாக ஆக்கிக்கொள்கிறார்கள். இருக்கிற மாதங்களில் சினாப்சிஸ் போய்விட வேண்டும்.

கைடோடு சண்டை போடாதீர்கள், நாளைக்குப் பரிந்துரைக் கடிதத்துக்கும் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் இனி எல்லாம் மெயிலில் இருக்கட்டும். ‘சார், இன்ன தேதியில் தந்த வரைவு, உங்கள் திருத்தத்துக்காகக் காத்திருக்கிறேன், அடுத்த டாக்டரல் கமிட்டியில் இதைக் காட்ட வேண்டும்’ என்று பணிவாக இரண்டு வரி போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் அந்தக் கமிட்டி முன்னால் நீங்கள் நிற்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை ஒரு சடங்காக, டீயும் முந்திரி பிஸ்கட்டும் வாங்கி வைக்கிற நாளாகத்தான் பார்க்கிறார்கள். கைடைத் தவிர வேறு ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கும் இடம் அது ஒன்றுதான். எத்தனை அத்தியாயம் தயார், எது யாரிடம் நிற்கிறது என்று அறிக்கையில் எழுதிக் கொடுங்கள், பதிவாகட்டும்.

பணம் கட்டினால் பதினைந்து நாளில் ஸ்கோபஸ் கட்டுரை என்று வாட்ஸப்பில் விளம்பரம் வரும், தொடவே தொடாதீர்கள்.

வீட்டில் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். சினாப்சிஸ், ஆய்வேடு, வைவா (வாய்மொழித் தேர்வு) என்று இன்னும் என்னென்ன பாக்கி என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த கமிட்டி எப்போது என்று நீங்கள் எழுதவே இல்லையே?