எஃப்/2.8-க்குக் கூடுதல் காசு எப்போது கொடுக்கலாம்?

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். கேனான் 6டி பாடியும் 24-105 எஃப்/4 லென்ஸும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் 70-200 எஃப்/2.8 எல் லென்ஸை 75,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். நேரில் வந்து பார்க்கச் சொன்னார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எல்லோரும் புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறும் நேரத்தில் பழைய டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸில் பணம் போடலாமா?

பதில்: கிளம்புவதற்கு முன், லென்ஸின் மேல் எழுதியிருக்கும் முழுப் பெயரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "70-200 எஃப்/2.8 எல்" என்று மட்டும் சொன்னால் அது நான்கு லென்ஸில் எதுவாகவும் இருக்கலாம். 1995-ல் வந்ததில் ஐஎஸ் (கைநடுக்கத்தை அடக்கும் அமைப்பு) கிடையாது. 2001-ல் ஐஎஸ்ஸோடு ஒன்று வந்தது. இரண்டாம் பதிப்பு 2010-ல், மூன்றாம் பதிப்பு 2018-ல். பெயரில் ரோமன் எண்ணில் இரண்டு அல்லது மூன்று இருந்தால் மட்டும் இந்த விலைக்குப் பேசுங்கள். முதல் இரண்டில் ஒன்று என்றால் போகவே வேண்டாம், அந்த வயதுக்கு உதிரி பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கண்ணாடி அமைப்பு ஒன்றேதான், மேல்பூச்சுதான் மாறியது. வயது குறைவு என்பதற்காக மூன்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், படம் பிரமாதமாக மாறிவிடும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, இந்த லென்ஸ் உங்களுக்கு வேண்டுமா என்பது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்; எஃப்/4-லிருந்து எஃப்/2.8-க்கு வந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 6400-ல் எடுத்ததை 3200-ல் எடுக்கலாம். நம் ஊர் மண்டபங்களில் முகூர்த்த நேரத்தில் மேடையைச் சுற்றி உறவினர்கள் நின்றுவிடுவார்கள், நீங்கள் பின்னால் தள்ளப்படுவீர்கள். அங்கிருந்து 200 மி.மீ.யில் தாலி கட்டும் விரல்களை எடுக்கும்போது ஐஎஸ் உங்கள் கைநடுக்கத்தைத்தான் அடக்கும். மாப்பிள்ளையின் விரல் அசைவதையும் அட்சதை பறப்பதையும் ஷட்டர் வேகத்தால்தான் நிறுத்த முடியும், அந்த வேகத்தைத் தருவது எஃப்/2.8. ஆக, உங்கள் தொழிலுக்கு இது வேண்டிய லென்ஸ்தான்.

நீங்கள் காசு கொடுப்பது 200 மி.மீ.க்கும் எஃப்/2.8-க்கும். அதனால் சோதனை முழுக்க அந்த இடத்திலேயே நடக்க வேண்டும். எஃப்/8-ல் எந்த லென்ஸும் நன்றாகத்தான் தெரியும். உங்கள் 6டியையே கொண்டுபோங்கள், கூடவே ஒரு ட்ரைபாடும்.

முதலில் கண்ணாடி. இரண்டு மூடியையும் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். இஎஃப் லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றினாலும் அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) திறந்தே இருக்கும், உள்ளே நன்றாகத் தெரியும். தூசிப் புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், இத்தனை வருடம் ஓடிய லென்ஸில் அது இருக்கத்தான் செய்யும். சிலந்தி வலை போல் நரம்பு நரம்பாக ஓடினால் அது ஃபங்கஸ். ஓரத்தில் துளிதான் என்று அவர் சொன்னாலும் வாங்காதீர்கள். உள் கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. பின் மவுண்ட்டின் திருகுத் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். ஃபில்டர் வளையம் நசுங்கியிருந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது.

விழுந்த லென்ஸின் உண்மை சுவரில் தெரிந்துவிடும். செங்கல் வரிசை தெரியும் சுவரையோ எதிர் அடுக்குமாடியையோ நேராகப் பார்த்தபடி ட்ரைபாடில் வைத்து, 200-ல், எஃப்/2.8-ல் ஒன்று எடுங்கள். நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரின் வலப்பக்கம் மட்டும் மங்கலா? உடனே லென்ஸைக் குறை சொல்லாமல், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். மங்கல் இப்போது சுவரின் இடப்பக்கம் போனால் கோளாறு லென்ஸில்; உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் நகர்ந்திருக்கிறது. அதே வலப்பக்கத்திலேயே இருந்தால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். 70-லும் 135-லும் இதையே ஒரு தடவை செய்துவிடுங்கள்.

ஃபோகஸில்தான் நல்ல லென்ஸ்களைக்கூடப் பலர் தப்பாக ஒதுக்கிவிடுகிறார்கள். செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, 200-ல் எஃப்/2.8-ல் ஒரு வரியை ஃபோகஸ் செய்யுங்கள். அந்த தூரத்தில் கூர்மையாக விழும் ஆழமே நான்கு சென்டிமீட்டர்தான். வியூஃபைண்டர் வழியாக ஒன்று, லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) ஒன்று எடுங்கள். லைவ் வியூவில் கூர்மை, வியூஃபைண்டரில் வேறு வரி கூர்மை என்றால் லென்ஸ் நல்ல லென்ஸ்தான். உங்கள் பாடியோடு பொருந்தவில்லை, 6டியில் இருக்கும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்ற ஃபோகஸ் திருத்த வசதியில் சரிசெய்துகொள்ளலாம். இரண்டிலும் மங்கல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் அவரையே உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லி, ஏஐ சர்வோவில் (நகர்பவரைப் பின்தொடரும் ஃபோகஸ்) தொடர்ந்து எடுங்கள். மணமக்கள் உள்ளே நடந்துவரும்போது லென்ஸ் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

எஃப்/16-ல் ஒரு படம் எடுக்க மறக்காதீர்கள். எர்ரர் 01 வந்தாலோ, படம் அளவுக்கு மீறி வெளுத்திருந்தாலோ அபர்ச்சர் பகுதி கெட்டிருக்கிறது. ஐஎஸ்ஸை 1/25 வேகத்தில் போட்டும் அணைத்தும் எடுத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தும்போது லேசாக 'க்ர்ர்' சத்தம் வருவது இயல்பு.

மிரர்லெஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாளைக்கு கேனானின் மிரர்லெஸ்ஸான ஆர் வரிசை பாடி வாங்கினாலும் கேனானின் அடாப்டர் போட்டு இந்த லென்ஸை நிம்மதியாக ஓட்டலாம். ஃபோகஸ், ஐஎஸ் எல்லாம் வேலை செய்யும். மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் தொல்லையும் அங்கே இல்லை. சுமைதான் கவலை: இரண்டாம் பதிப்பு 1,490 கிராம், மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 முதல் மாடல் 1,070 கிராம். விடியற்கால முகூர்த்தத்திலிருந்து சாயங்கால ரிசப்ஷன் வரை தோளில் தொங்கவிடுகிற உங்களுக்கு அந்த 420 கிராம் சின்ன விஷயமில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு ஆர்டருக்கு வாடகைக்கு எடுத்து வேலை செய்து பாருங்கள்.

பணத்தை யுபிஐயில் அனுப்பி, சீரியல் எண்ணோடு ஒரு கைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் என்பதற்காக இதை விடாதீர்கள்.

கேள்வி: மகள் பள்ளி அணியில் ஓட்டப் பந்தயம் ஓடுகிறாள். என்னிடம் சோனி ஏ6400. எஃப்/2.8 ஜூம் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் போட்டோ எடுக்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: மைதானத்தில் வெயிலில் ஓடுகிறவளுக்கு எஃப்/2.8 தேவையே இல்லை. நல்ல வெயிலில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200 வைத்தாலே 1/1600 வேகம் கிடைத்துவிடும். சோனியின் 70-350 எஃப்/4.5-6.3 ஜி லென்ஸ் 625 கிராம்தான், எட்டும் தூரமும் அதிகம். மிச்சப் பணத்தில் மாநிலப் போட்டிக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். உள்ளரங்கில் ஷட்டில் ஆடுகிறாள் என்றால் என் பதில் மாறியிருக்கும். அங்கே டாம்ரான் 70-180 எஃப்/2.8 சொல்லியிருப்பேன்.

கேள்வி: 70-200 எஃப்/2.8-ல் 2எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு வேடந்தாங்கலில் பறவை எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். கன்வெர்ட்டர் என்பது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் துணை லென்ஸ். 2எக்ஸ் போட்டால் 140-400 எஃப்/5.6 ஆகிவிடும், கூர்மையும் ஃபோகஸ் வேகமும் குறையும். 1.4எக்ஸ் இன்னும் நல்லது, எட்டுவது 280 வரைதான். ஒரு எச்சரிக்கை: கேனானின் 2019 ஆர்எஃப் 70-200 எஃப்/2.8-ல் கன்வெர்ட்டர் எதுவும் பொருந்தாது. 2024-ல் வந்த இசட் மாடலில் பொருந்தும்.

கேள்வி: கடையில் புது லென்ஸ் வாங்கினேன். இரண்டே மாதத்தில் ஃபோகஸ் நின்றுவிட்டது. இந்திய வாரண்டி இல்லாத சரக்கு என்று சர்வீஸில் சொல்கிறார்கள். "நீ வியாபாரத்துக்கு வாங்கினாய், நுகர்வோர் சட்டம் உனக்குப் பொருந்தாது" என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. தனி ஆளாகக் கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவர் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். ஆள் வைத்துப் பெரிய ஸ்டுடியோ நடத்தினால் வாதாட வேண்டியிருக்கும்.

பெட்டியை எடுத்துப் பாருங்கள். இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாரண்டி உண்டு என்று சொல்லி விற்றதற்கு பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ ஆதாரம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டரில் "வாரண்டி இல்லை" என்று வாயால் சொன்னதைச் சீரியல் எண்ணோடு எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஆணையத்தில் முதலில் கேட்கப்படும் காகிதங்களில் அதுவும் ஒன்று.